எத்தனை முறை செய்த கை? புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சர்ஜன் தேடிய இரண்டு மாதம்

காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் ஒரே ரயிலில் சென்னையின் பாதி ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விடலாம். வண்ணாரப்பேட்டையில் இறங்கினால் ஸ்டான்லி பக்கம். சென்ட்ரலில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. அரசினர் தோட்டத்தில் ஓமந்தூரார். ஆயிரம் விளக்கில் இறங்கினால் கிரீம்ஸ் ரோடு தனியார் மருத்துவமனைகள். சின்னமலையில் இறங்கி ஆட்டோ பிடித்தால் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் வந்தபோது, அதை இந்தக் காரணத்துக்காக இத்தனை முறை பிடிப்போம் என்று நான் நினைத்ததில்லை. சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். மடியில் மஞ்சப்பை, அதற்குள் எம்ஆர்ஐ படமும் பயாப்ஸி ரிப்போர்ட்டும்.

அவருக்கு வயது 64. தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ராத்திரியில் நாலைந்து முறை எழுந்து போகிறார் என்று சித்தி விடாமல் சொன்னதால் ரத்தப் பரிசோதனைக்குப் போனார். பிஎஸ்ஏ 11. புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்துக்கு வரும் ஒரு புரதத்தின் அளவு அது. வழக்கமாக 4-க்குள் இருக்க வேண்டும் என்பார்கள். பிஎஸ்ஏ ஏறிவிட்டாலே புற்றுநோய் என்று அர்த்தம் கிடையாது. வயதானால் சுரப்பி வீங்கும், அப்போதும் ஏறும். கிருமித் தொற்று வந்தாலும் ஏறும். அதனால் எம்ஆர்ஐ எடுத்து, அப்புறம் ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி. கிளீசன் 3+4, மொத்தம் 7. புற்று எவ்வளவு மூர்க்கமானது என்று சொல்லும் எண் இது. எலும்பு ஸ்கேனில் ஒன்றும் இல்லை. நோய் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது, நடுத்தர ஆபத்து என்றார்கள். கிளீசன் 6 என்றால் எதுவும் செய்யாமல் கண்காணித்து வருவதே பலருக்கு நல்ல வழி. இவருக்கு அது பொருந்தாது என்று பார்த்த டாக்டர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆக, ஆபரேஷன் அல்லது கதிர்வீச்சு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களுக்கு இது தெரியாமல் மூன்று நாள் தூக்கம் போனது. இந்த நிலையில் இருக்கிற புராஸ்டேட் புற்றுநோய்க்கு நாளைக்கே ஆபரேஷன் தேவையில்லை. பயாப்ஸி ஊசி குத்திய இடம் ஆறுவதற்கே ஆறு வாரம் போல விட்டுத்தான் பெரும்பாலான சர்ஜன்கள் கத்தியை எடுப்பார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் "பெட் இருக்கு, நாளைக்கே அட்மிட் ஆகிடுங்க, அப்புறம் பரவிட்டா எங்களைச் சொல்லக் கூடாது" என்று கவுன்ட்டரில் இருந்தவர் சொன்னார். சித்திக்குக் கை நடுங்கிவிட்டது. அங்கே திரும்பிப் போகவில்லை. அந்த ஆறு வாரம்தான் ஆளைத் தேடுவதற்கு நமக்குக் கிடைக்கிற அவகாசம்.

"புராஸ்டேட் ஆபரேஷன்" என்று இரண்டு இருக்கின்றன

சர்ஜனிடம் "சார், நீங்க எத்தனை புராஸ்டேட் ஆபரேஷன் பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டால், "ஆயிரக்கணக்கில்" என்று பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு வேறு ஆபரேஷன்.

வயதானவர்களுக்குச் சுரப்பி வீங்கிச் சிறுநீர் அடைத்தால், சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவியை விட்டு உள்பக்கத்துச் சதையைச் சுரண்டி எடுப்பார்கள். டியூஆர்பி என்று பெயர். ஊரில் நாலு பெரியவர்கள் "எனக்குக்கூட புராஸ்டேட் ஆபரேஷன் ஆச்சு" என்றால் மூன்று பேருக்கு அதுவாகத்தான் இருக்கும். புற்றுநோய்க்குச் செய்வது ரேடிகல் புராஸ்டேக்டமி. சுரப்பியையே முழுசாக, பின்னாலிருக்கிற விந்துப் பைகளோடு எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பையின் வாயை இழுத்துக் கீழே குழாயோடு தைக்க வேண்டும். இளநீரில் வழுக்கையைச் சுரண்டி எடுப்பதற்கும், பக்கத்துக் காய் அசையாமல் ஒரு காயை மட்டும் குலையிலிருந்து அறுத்தெடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

சுரப்பி இருக்கிற இடம் அப்படி. மேலே சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், கீழே சிறுநீரை அடக்கி வைக்கிற தசை. இரண்டு பக்கமும் ஆண்மைக்கான நரம்புக் கொத்து ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. அந்த நரம்புகளை விட்டுவைத்துச் சுரப்பியை மட்டும் எடுக்கும் முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பேட்ரிக் வால்ஷ் 1982-ல் செய்து காட்டினார். அதுவரை இந்த ஆபரேஷன் முடிந்த ஆண்களில் அநேகமாக எல்லோரும் ஆண்மையை இழந்தார்கள், பலருக்குச் சிறுநீரும் நிற்காது. நரம்பை விட்டு அதிகம் விலகி வெட்டினால் புற்று மிச்சமாகலாம். புற்றை விடாமல் அள்ள நினைத்தால் நரம்பு போகும். இடைவெளி சில மில்லிமீட்டர்தான்.

இதை ஒரு டாக்டர் பிரிஸ்கிரிப்ஷன் தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினார். சித்தப்பா அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரல் நகத்தால் அந்தக் கோட்டை அளந்து பார்த்தார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னது: "இது மெஷின் வேல இல்லப்பா, கை வேல. அந்தக் கை இந்த வேலையை எத்தினி தடவ பாத்த கைன்னு மட்டும் கேளு." அன்றைக்கே எங்கள் தேடல் திசை மாறியது. அதுவரை ஆஸ்பத்திரிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம் ஆட்களை ஒப்பிட ஆரம்பித்தோம்.

எண்ணிக்கை உண்மையிலேயே வித்தியாசம் செய்கிறதா?

செய்கிறது. அதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நான்கு பெரிய மருத்துவமனைகளில் 1987 முதல் 2003 வரை வயிற்றைக் கீறிச் செய்யும் திறந்த முறையில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 7,765 பேரையும், அவர்களுக்குச் செய்த 72 சர்ஜன்களையும் வைத்து ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. அதற்கு முன் பத்து ஆபரேஷன் மட்டுமே செய்திருந்த சர்ஜனிடம் போனவர்களில், ஐந்து வருஷத்துக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 18. முன்பே 250 செய்திருந்தவரிடம் போனவர்களுக்குச் சுமார் 11. நோயின் கடுமையையும் கணக்கில் எடுத்த பிறகு வந்த வித்தியாசம் இது. 250-ஐத் தாண்டிய பிறகு கோடு கிட்டத்தட்ட சமமாகிவிடுகிறது. அதாவது 300 செய்தவருக்கும் 2,000 செய்தவருக்கும் நடுவே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 20 செய்தவருக்கும் 300 செய்தவருக்கும் நடுவேதான் யோசிக்க வேண்டும்.

சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி பற்றி 2009-ல் வந்த இன்னொரு ஆய்வு என்னை இன்னும் அதிகம் யோசிக்க வைத்தது. 29 சர்ஜன்கள், 4,702 நோயாளிகள். ஐந்து வருஷத்துக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு, பத்து செய்தவரிடம் 17 சதவீதம், 250 செய்தவரிடம் 16, 750 செய்தவரிடம் 9. துளை வழியாகச் செய்யும் வேலையில் கை பழக இத்தனை நாள் பிடிக்கிறது. இன்னொன்றும் அதில் இருந்தது. திறந்த முறையில் அனுபவப்பட்டு அப்புறம் லேப்ராஸ்கோபிக்கு மாறியவர்களுக்கு அந்தப் பழைய அனுபவம் கை கொடுக்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே லேப்ராஸ்கோபியில் பழகியவர்களைவிட அவர்கள் முடிவுகள் மோசமாக இருந்தன. ஆகவே மொத்த எண்ணிக்கையைக் கேட்டால் போதாது. "எனக்கு எந்த முறையில் செய்யப் போறீங்களோ, அந்த முறையில் எத்தனை?" என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

நாங்கள் பார்த்த நால்வர்

முதலாமவர் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். பத்து வருஷமாக எங்கள் தெருவுக்கே கல் பிரச்சினை, அடைப்பு எல்லாவற்றுக்கும் அவர்தான். அன்பானவர், ராத்திரி பதினோரு மணிக்கும் போனை எடுப்பார். சித்தி இவரே செய்யட்டும் என்றார். ரேடிகல் எத்தனை என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வருஷத்துக்கு மூணு, நாலு. உங்களுக்கு நான் செய்றதைவிட இன்னும் நல்லா செய்றவங்க இருக்காங்க" என்றார். அவர் மேல் மரியாதை கூடியதே ஒழியக் குறையவில்லை. அப்புறம் நாங்கள் போன இடங்களுக்குக் கடிதம் கொடுத்தவரும் அவர்தான். தெரிந்த டாக்டரை நாம் விட்டுவிட வேண்டியதில்லை. வழிகாட்டவும், பின்னால் பார்த்துக்கொள்ளவும் அவர்தான் வேண்டும்.

இரண்டாமவர் பெரிய தனியார் மருத்துவமனை. ரோபோ. லாபியில் அதன் படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. எங்களுக்குச் சொன்ன தொகை ஐந்தரை லட்சம். சர்ஜன் இளைஞர், பொறுமையாகப் பேசினார். ரோபோவில் தனியாக அறுபது போல, அதற்கு முன் பெரியவர் ஒருவருக்கு உதவியாக நிறைய என்றார்.

மூன்றாமவரும் ரோபோதான், வேறு மருத்துவமனை. எண்ணிக்கை பல நூறு. பதினைந்து நிமிஷச் சந்திப்பில் பத்து நிமிஷம் உதவி டாக்டர்தான் பேசினார். தொகை ஏழு லட்சத்தைத் தொட்டது. பணம் இருந்திருந்தால் இவரிடம் போயிருக்கலாம், அதை மறைக்கவில்லை.

நான்காமவர் அரசு மருத்துவமனை யூராலஜி பேராசிரியர். ஓ.பி. சீட்டு வாங்கிக் காலை ஏழரையிலிருந்து காத்திருந்தோம். கூட்டத்தில் சித்தப்பாவுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. உள்ளே போனதும் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் முகம் மாறவில்லை. மேஜை டிராயரிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார், காடாத் துணி அட்டை, ஓரமெல்லாம் பிரிந்திருந்தது. ஒரு நோயாளிக்கு ஒரு வரி. தேதி, கிளீசன், வெட்டிய ஓரத்தில் புற்று இருந்ததா இல்லையா, எத்தனை மாதத்தில் சிறுநீர்க் கசிவுக்கு வைக்கிற பேட் இல்லாமல் இருந்தார். பத்தொன்பது வருஷத்தில் நானூற்றுச் சொச்சம், பெரும்பாலும் திறந்த முறை. சில வரிகளில் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. "ஊருக்குப் போயிட்டாங்க, போன் மாத்திட்டாங்க. தெரியாததை நான் எழுதறதில்ல" என்றார்.

அந்தக் காலிக் கட்டங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு மற்ற வரிகள் மேல் நம்பிக்கை வந்தது.

அரசு மருத்துவமனை என்றதும் எல்லோர் மனதிலும் இருக்கிற கேள்வியையும் கேட்டேன். கத்தி யார் கையில் இருக்கும்? போதனை மருத்துவமனை, மேற்படிப்பு மாணவர்கள் கற்றுக்கொள்கிற இடம். இதைக் கேட்பது அவமரியாதை என்று நினைத்துப் பலர் கேட்காமல் விடுகிறார்கள், கேட்கத்தான் வேண்டும். "திறக்கறதும் மூடறதும் பசங்க செய்வாங்க. சுரப்பியை எடுக்கறது, நரம்பு, தையல், இது மூணும் நான்" என்றார். தனியாரிலும் இந்தக் கேள்வி அவசியம். பெயர்ப் பலகையில் ஒருவர், தியேட்டரில் இன்னொருவர் என்பது எங்கும் நடக்கலாம்.

மருத்துவமனையின் பெயரையோ அவர் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. அரசு டாக்டர்களுக்கு மாறுதல் வரும், ஓய்வு வரும். நீங்கள் போகும்போது அந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பார். அவரிடம் நீங்கள் புதிதாகக் கேட்டாக வேண்டும்.

ரோபோவை என்ன செய்வது?

ரோபோ தானாக ஆபரேஷன் செய்யாது. சர்ஜன் பக்கத்தில் கன்சோல் எனும் இயக்கு மேஜையில் உட்கார்ந்து கைப்பிடிகளை ஆட்டுகிறார், கருவி உள்ளே அதையே செய்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் படித்த மணி மேனன், அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 2000-களின் தொடக்கத்தில் இதைப் புராஸ்டேட்டுக்கு முறையாகக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். ரத்த இழப்பு குறைவு, வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். இவை உண்மையான நன்மைகள், சர்க்கரையும் பருமனும் உள்ளவருக்கு இன்னும் முக்கியம். ஆனால் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 326 ஆண்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்துத் திறந்த முறையையும் ரோபோவையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, சிறுநீர் அடங்குவதிலும் ஆண்மையிலும் மூன்று மாதத்திலும் சரி, இரண்டு வருஷத்திலும் சரி, பெரிய வித்தியாசம் இல்லை. இதன் முதல் முடிவுகள் 2016-லும் இரண்டு வருஷ முடிவுகள் 2018-லும் வந்தன. இரண்டு பக்கமும் கை தேர்ந்த சர்ஜன்கள்.

எனவே என் கணக்கு இது: நூற்றுக்கணக்கில் ரோபோவில் செய்தவர் கிடைத்து, செலவும் கட்டுப்படியானால் ரோபோ. இல்லையென்றால், அறுபது ரோபோ செய்தவரைவிட நானூறு திறந்த முறையில் செய்தவர். பணமில்லாதவர்களுக்கு ரோபோ எட்டாது என்றும் இல்லை, ஓமந்தூரார் அரசு பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022-லேயே ரோபோ அறுவைச் சிகிச்சை தொடங்கிவிட்டது. அங்கேயும் கேள்வி அதேதான், யார் செய்கிறார், எத்தனை செய்திருக்கிறார்.

காப்பீட்டு அட்டை பற்றி இரண்டு வரி. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். சென்னை மாவட்டத்தார் ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசில் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு போய்ப் பதிந்துகொள்ளலாம். நோய் வருவதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள், அலைச்சல் பாதி குறையும்.

சர்ஜனைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்

கதிர்வீச்சு டாக்டர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள். சர்ஜனிடம் மட்டும் போனால் ஆபரேஷன்தான் பதிலாக வரும், அது இயல்பு. பிரிட்டனில் 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்து 15 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. மூன்று பக்கமும் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். பக்க விளைவுகள்தான் வேறு வேறு. ஆபரேஷனில் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் அதிகம். கதிர்வீச்சில் மலக்குடல் தொந்தரவு. 75 வயதுக்காரருக்கோ, இதயம் பலவீனமானவருக்கோ நான் கதிர்வீச்சைத்தான் சொல்வேன். சித்தப்பாவுக்கு நாங்கள் ஆபரேஷன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், ஆபரேஷனுக்குப் பிறகு நோய் தலைகாட்டினால் கதிர்வீச்சு கொடுக்கலாம், கதிர்வீச்சுக்குப் பிறகு ஆபரேஷன் மிகவும் கடினம். அப்புறம் அவருக்கே அந்தப் புற்றை உடம்பில் வைத்துக்கொண்டு இருக்க மனமில்லை.

பயாப்ஸி ஸ்லைடுகளை இன்னொரு லேபில் காட்டி மறுபடி படிக்கச் சொல்லுங்கள். கிளீசன் எண் மாறினால் முடிவே மாறும். ஸ்லைடும் சதைத் துணுக்கு பதித்த மெழுகு பிளாக்கும் கேட்டு வாங்கலாம், கொடுப்பார்கள்.

இன்னொன்று. ஆண்மை பற்றிய கேள்வியை மகனோ அண்ணன் மகனோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பேராசிரியரே, "தம்பி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. அம்மா இருக்கட்டும்" என்றார். இருபது நிமிஷம் கழித்துச் சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார், ஆனால் தெளிவாக இருந்தார். உங்கள் டாக்டர் சொல்லாவிட்டாலும் நீங்களாக எழுந்து வெளியே போய்விடுங்கள்.

சித்தப்பா நான்காமவரையே தேர்ந்தெடுத்தார். ஐந்து வாரம் காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தோம். மூன்று மணி நேரம் ஆபரேஷன். ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். வார்டில் இரண்டு கட்டிலுக்கு நடுவே பாய் போட்டுத்தான் நான் படுத்தேன், கொசுவுக்கு விடியவிடிய விசிறிக்கொண்டிருந்தேன். தனியாரில் இந்தக் கஷ்டம் இருந்திருக்காது. யூரின் டியூபைப் பத்தாம் நாள் எடுத்தார்கள். வெட்டிய ஓரத்தில் புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்தது.

முதல் மாதம் ஒரு நாளைக்கு ஐந்து பேட். இடுப்புக்கு அடியிலிருக்கிற தசையை இறுக்கிப் பத்து எண்ணித் தளர்த்தும் பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருப்பார், உதடு மட்டும் அசையும். நாலாம் மாதம் ஒரு பேட் ஆனது. இப்போதும் கனமான இரும்பைத் தூக்கும்போது இரண்டு சொட்டுக் கசிகிறது, அதற்காக ஒன்று வைத்துக்கொள்கிறார். மற்ற விஷயத்தை அவரும் சித்தியும் டாக்டரும் பேசிக்கொள்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிஎஸ்ஏ. கடைசியாக எடுத்தபோதும் 0.1-க்குக் கீழே இருந்தது. பேராசிரியர் நோட்டில் அந்த வரியின் கடைசிக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை, ஒரு வருஷம் ஆகட்டும் என்றிருக்கிறார்.